கறுப்பாக இருந்தால் கடுமையான பீரா? பீர் வகைகளைப் புரிந்து சுவைக்க ஓர் அறிமுகம்

பெங்களூரில் ஏதாவது ஒரு மைக்ரோபுரூவரியில் நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து மெனுவைப் பிரித்தால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஸ்டவுட் வேணாம்டா, கறுப்பா இருக்கும், ரொம்ப ஸ்ட்ராங்." பக்கத்தில் இருப்பவர், "லாகர்னா லைட், ஏல்னா ஸ்ட்ராங்" என்று எடுத்துக்கொடுப்பார். இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது கெட்டுப்போகாமல் இருக்கவென்றே கண்டுபிடித்த பீர்தான் ஐபிஏ என்ற கதையும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதிதான் உண்மை. இந்தப் பேச்சை நம்பி, பத்து வகை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் எப்போதும் குடிக்கும் அதே பீரைக் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். அதுதான் எனக்கு வருத்தம்.

அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் கரியைப் போலக் கறுத்த பீர். அதில் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம். பெல்ஜியத்தின் டூவல் பொன்னிறத்தில் பளபளக்கும். அதில் 8.5 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு. நிறத்தைப் பார்த்து போதையைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டு கிளாஸ்களே போதும். அப்படியானால் நிறம் எதைச் சொல்கிறது, போதை எங்கிருந்து வருகிறது, வாசனை யார் கொடுப்பது? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மெனுவில் உள்ள எந்தப் பெயரும் மிரட்டாது.

'கிராஃப்ட்' என்பது ஒரு வகை அல்ல

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லாகர், ஏல், ஸ்டவுட், ஐபிஏ என்பவை பீரின் வகைகள். 'கிராஃப்ட்' என்பது யார், எந்த அளவில் தயாரிக்கிறார் என்பதைச் சொல்லும் சொல். பெரிய ஆலைகளின் பிடியில் இல்லாமல், சிறிய அளவில், சுவையை முன்னிறுத்திச் செய்யப்படும் பீர் என்று பொதுவாகப் பொருள் கொள்ளலாம். கிராஃப்ட் லாகரும் உண்டு, கிராஃப்ட் ஸ்டவுட்டும் உண்டு. 'கிராஃப்ட் பீர் என்றாலே பழச்சுவை கலந்தது', 'கிராஃப்ட் என்றால் கசக்கும்' என்பதெல்லாம் யாரோ ஒருமுறை குடித்த ஒரு கிளாஸை வைத்துச் சொன்னது.

இந்தியாவில் நாம் பெரும்பாலும் சந்திப்பது மைக்ரோபுரூவரியைத்தான். அங்கேயே காய்ச்சி, அங்கேயே டேப்பில் பிடித்துத் தரும் கூடம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எவர்சில்வர் தொட்டிகள் நிற்பது தெரியும்.

மால்ட்: நிறம் பிறக்கும் இடம்

பீரின் அடிப்படைப் பொருட்கள் நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட்டை விளங்கிக்கொள்ள நம் வீட்டு அடுக்களைக்குள் போனால் போதும்.

குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்து வைப்போம். சாதாரணக் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டியாகத் திரளும். அதே அளவு முளைகட்டிய மாவில் காய்ச்சினால் இளகி ஓடும், தித்திப்பும் கொஞ்சம் கூடும். முளைவிடும் தானியம், தனக்குள் பூட்டி வைத்திருக்கும் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க நொதிகளை உண்டாக்குகிறது. நொதி என்பது ஒரு வேதி மாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். கஞ்சி சூடேறும்போது அந்த நொதிகள் வேலை செய்வதால்தான் அது நீர்த்துப்போகிறது.

பீரில் நடப்பதும் இதேதான், கேழ்வரகுக்குப் பதில் பார்லி. முளைகட்டி உலர்த்திய பார்லியே மால்ட். அதை உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் போல ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். வடித்தெடுத்தால் இனிப்பான மால்ட் சாறு கிடைக்கும்.

உலர்த்தும்போது எவ்வளவு சூடு கொடுக்கிறார்கள் என்பதில்தான் நிறம் இருக்கிறது. 80 டிகிரியை ஒட்டிப் பதமாக உலர்த்தினால் வெளிர்பொன் நிறம், ரொட்டியின் வாசனை. இன்னும் சூடு ஏற்றினால் பிஸ்கட், கேரமல், உலர்திராட்சை என்று வாசனை மாறிக்கொண்டே போகும். 200 டிகிரியைத் தாண்டி வறுத்தால் கறுத்து, காபியும் கோகோவும் மணக்கும். ஸ்டவுட்டில் காபி மணம் அடிப்பது யாரும் டிகாக்‌ஷன் ஊற்றியதால் அல்ல, இந்த வறுவலால்.

இவ்வளவு சூட்டில் வறுத்த தானியத்தில் நொதிகள் செத்துவிடும். பீருக்குத் தேவையான சர்க்கரையை அதனால் பெரிதாகக் கொடுக்க முடியாது. ஆகவே கறுப்பு பீரில்கூட மால்ட்டின் பெரும்பகுதி வெளிர் மால்ட்தான். கறுத்த தானியம் கொஞ்சமாகச் சேர்க்கப்படுவது நிறத்துக்கும் மணத்துக்கும். 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் லண்டனில் போர்ட்டர் என்ற கறுத்த பீரைக் காய்ச்சியவர்கள் செய்தது இதைத்தான்: வெளிர் மால்ட்டில் காய்ச்சி, கறுப்பு மால்ட்டைச் சிறிதளவு சேர்த்து நிறம் கொண்டுவந்தார்கள். ஸ்டவுட் அந்த போர்ட்டர் குடும்பத்தில் பிறந்த வகை.

போதை எங்கிருந்து வருகிறது?

மால்ட் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இதுதான் நொதித்தல். சாற்றில் சர்க்கரை அதிகமிருந்தால் ஆல்கஹாலும் அதிகம். புரூவர், அதாவது பீர் காய்ச்சுபவர், அதே தண்ணீருக்குக் கூடுதல் மால்ட் போட்டாலும் சரி, சர்க்கரையையே சேர்த்தாலும் சரி, கணக்கு அதுதான். டூவல் பொன்னிறமாக இருந்துகொண்டே 8.5 சதவீதத்துக்குப் போவது வெளிர் மால்ட்டோடு சர்க்கரையும் சேர்ப்பதால்.

இந்த சதவீதத்தை ஏபிவி என்று எழுதுவார்கள். 100 மில்லி பீரில் எத்தனை மில்லி ஆல்கஹால் என்பதே ஏபிவி. மெனுவில் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். போதையைப் பற்றிக் கவலை என்றால் பார்க்க வேண்டியது அந்த எண்ணை மட்டுமே.

கறுப்பும் கடுமையும் சேர்ந்து வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் லயன் ஸ்டவுட் கன்னங்கரேலென்று இருக்கும், ஏபிவி 8-ஐத் தாண்டும். அதன் கடுமைக்குக் காரணம் சாற்றின் சர்க்கரை, கறுப்புக்குக் காரணம் வறுவல். இரண்டும் ஒரே புட்டியில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான். மறுபக்கம், நம்மூர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று அச்சடித்து விற்கும் பீர்களைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் எல்லாமே லாகர்கள். 'லாகர்னா லைட்' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இதுவரை பார்த்தது: நிறமும் ரொட்டி, கேரமல், காபி போன்ற மணங்களும் மால்ட்டின் வறுவலிலிருந்து வருகின்றன. போதை சர்க்கரையின் அளவிலிருந்து வருகிறது. இரண்டும் தனித்தனி முடிவுகள்.

ஹாப்ஸ்: கசப்பும் வாசனையும்

ஹாப்ஸ் குளிர்நாடுகளில் வளரும் ஒரு கொடியின் பச்சை நிறப் பூங்கொத்து. செதில் செதிலாக, சின்னக் கூம்பு வடிவில் இருக்கும். உள்ளே மஞ்சள் தூளாகப் பிசினும் எண்ணெயும். பிசின் கசப்பைத் தரும், பீர் கெடாமலும் காக்கும். எண்ணெய் வாசனையைத் தரும்.

இந்த இரண்டும் சூட்டுக்கு நேரெதிராக நடந்துகொள்கின்றன. பிசின் நன்றாகக் கொதித்தால்தான் கசப்பு சாற்றில் இறங்கும். எண்ணெயோ கொதித்தால் ஆவியாகப் பறந்துவிடும். ஆகவே ஹாப்ஸை எப்போது போடுவது என்பதே புரூவரின் பெரிய முடிவு. கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு. அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் வாசனை. கொதித்து ஆறிய பிறகு, நொதிக்கும் தொட்டியிலேயே போட்டு ஊறவைத்தால் வாசனை மட்டும் அப்படியே நிற்கும். இந்தக் கடைசி முறைக்கு 'டிரை ஹாப்பிங்' என்று பெயர். ஐபிஏ எல்லாமே கசக்கும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கம் கிளம்பிய, கலங்கலான 'ஹேஸி ஐபிஏ'வை ஒருமுறை முகர்ந்து பார்க்க வேண்டும். மாம்பழம், கொய்யா, ஆரஞ்சு எல்லாம் மணக்கும், கசப்பு அடங்கியிருக்கும். பழம் எதுவும் சேர்க்காமலே, கொதிக்கு அப்புறம் கொட்டிய ஹாப்ஸின் எண்ணெயிலிருந்து மட்டும் இந்த மணம் வரமுடியும்.

ஐபிஏ கதைக்கு வருவோம். 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம் அது. 'பேல்' என்றால் வெளிர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் ஆலை இருந்தது. கம்பெனிக் கப்பல்கள் புறப்படும் துறை அருகிலேயே. கப்பல் அதிகாரிகள் அங்கிருந்து பீர் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரின் ஆல்சாப், பாஸ் ஆலைகளும் இந்தச் சந்தைக்குள் நுழைந்தன. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. நீண்ட பயணத்துக்காக ஹாப்ஸைக் கூட்டிப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அப்படியொரு பீரை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த வெளிர் ஏல் வகையே கப்பலேறியது. வேறு பீர் தாங்காது என்பதும் சரியல்ல. இங்கிருந்த படைவீரர்கள் குடித்த கறுத்த போர்ட்டரும் அதே கடல் வழியாகத்தான் நல்லபடியாக வந்து இறங்கியது.

இன்று மைக்ரோபுரூவரியில் கிடைக்கும் ஐபிஏவுக்கும் அந்தக் கப்பல் பீருக்கும் உறவு தூரம். இதன் நேரடித் தாய்வீடு கலிஃபோர்னியா. 1970-களின் தொடக்கத்தில் வந்த கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப் வகையில் பம்ப்ளிமாஸ் போன்ற மணம் இருந்தது. 1980-ல் தொடங்கிய சியர்ரா நெவாடா ஆலை அதைத் தன் பேல் ஏலில் தாராளமாகப் போட்டது. ஹாப்ஸ் மணத்தை முன்னால் நிறுத்தும் அமெரிக்கப் பாணி அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது.

ஈஸ்ட்: ஏலும் லாகரும் பிரியும் இடம்

ஏல், லாகர் என்ற பிரிவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, போதைக்கும் சம்பந்தமில்லை. எந்த ஈஸ்ட், எந்தச் சூட்டில் வேலை செய்தது என்பதுதான் அந்தப் பிரிவு.

ஏல் ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் சுறுசுறுப்பாக நொதிக்கும், சில நாட்களில் வேலையை முடித்துவிடும். அந்த வேகத்தில் எஸ்டர்கள் என்ற மணப்பொருட்களையும் உண்டாக்கும். பழங்களின் மணத்துக்குக் காரணமான அதே வகைச் சேர்மங்கள் இவை. லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் நிதானமாக நொதிக்கும். அதன்பின் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடத்தி வைப்பார்கள். எஸ்டர் குறைவாக உண்டாகும், இருக்கிற கசடும் அடியில் தங்கிவிடும். கிடைப்பது தெளிந்த, ஒளிவுமறைவற்ற சுவை. நல்ல லாகரில் மால்ட்டும் ஹாப்ஸும் மட்டுமே பேசும். ஒளிந்துகொள்ள இடமில்லாததால் சிறு பிழையும் நாக்கில் பட்டுவிடும். அதனால்தான் ஒரு புரூவரியின் கைத்திறனைச் சோதிக்க நான் முதலில் கேட்பது அவர்களுடைய லாகரை.

ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் பீருக்குச் சட்டம் போட்டபோது பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே குறிப்பிட்டார்கள். 1553-ல் அதே பவேரியா கோடையில் பீர் காய்ச்சுவதைத் தடைசெய்தது, வெயிலில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதால். குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சிக் காய்ச்சி, குளிரைத் தாங்கும் ஈஸ்ட்டே அங்கு தங்கியது. அது இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம். ஒரு பெற்றோர் ஏல் ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யாரென்பது தெரியாமலே இருந்து, 2011-ல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் பொருத்தமான காட்டு ஈஸ்ட் கண்டுபிடிக்கப்பட்டது. 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டின் ஒற்றைச் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் பீர் கொடுப்பது ஆலைகளுக்குச் சாத்தியமானது.

இடையில் 1842-ல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரில் பவேரியப் புரூவர் யோசஃப் குரோல், வெளிர் மால்ட், அவ்வூரின் மென்மையான தண்ணீர், சாஸ் என்ற ஹாப்ஸ் வகை, லாகர் ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்துப் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். அதுதான் பில்ஸ்னர். இன்று உலகில் அதிகம் விற்கும் வெளிர் லாகர்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. அதற்கு முன் பவேரிய லாகர்கள் பழுப்பாகவே இருந்தன, இன்றும் 'டுங்கெல்' என்ற பெயரில் கிடைக்கின்றன.

ஈஸ்ட்டின் வேலையை ஒரே கிளாஸில் அறிய வேண்டுமென்றால் 'ஹெஃபவைசன்' கேளுங்கள். தெற்கு ஜெர்மனியின் கோதுமை பீர். மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்கும். மூக்கருகே கொண்டுபோனதும் வாழைப்பழம் மணக்கும், பின்னால் கிராம்பு. இரண்டையும் யாரும் சேர்க்கவில்லை. வாழைப்பழத்தில் இருக்கும் அதே எஸ்டரை அந்த ஈஸ்ட் உண்டாக்குகிறது, கிராம்பு மணமும் அதன் கைவேலைதான். பெல்ஜியத்தின் கோதுமை பீரான 'விட்பியர்' வேறு. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுவார்கள். பெங்களூரில் இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. அருகருகே வைத்து முகர்ந்தால், ஈஸ்ட் தந்த மணம் எது, மசாலா தந்த மணம் எது என்று மூக்கே பிரித்துச் சொல்லும்.

புளிப்பு பீர்கள் தனிக் கிளை. பிரஸ்ஸல்ஸை ஒட்டிய பகுதியில் 'லாம்பிக்' காய்ச்சுபவர்கள் ஈஸ்ட் எதுவும் போடாமல், ஆறும் சாற்றைத் திறந்த தொட்டியில் விட்டு, காற்றில் வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நொதிக்க விடுகிறார்கள். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலமே அதன் புளிப்புக்கும் பெரும் காரணம். முதல் நாளே இதில் தொடங்க வேண்டாம்.

சுருக்கமாக, ஏல் என்றால் மிதமான சூட்டில் ஏல் ஈஸ்ட், பழ மணம். லாகர் என்றால் குளிரில் லாகர் ஈஸ்ட், தெளிந்த சுவை. இரண்டிலும் வெளிரும் உண்டு கறுப்பும் உண்டு, மென்மையும் உண்டு கடுமையும் உண்டு.

எப்படிச் சுவைப்பது?

பல மைக்ரோபுரூவரிகளில் 'சாம்ப்ளர்' கேட்கலாம். சின்னச் சின்னக் கிளாஸ்களில் நான்கைந்து வகையை ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். புதியவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வரிசை முக்கியம்: லாகர், பிறகு கோதுமை பீர், பிறகு ஸ்டவுட், கசப்பான ஐபிஏ கடைசி. ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கில் தங்கி, அடுத்து வரும் லாகர் தண்ணீராகத் தெரியும்.

'சில்லுன்னு கொடுங்க' என்று கேட்கும் பழக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டியிருக்கும். மிகுந்த குளிரில் மணப்பொருட்கள் மேலே எழாது, நாக்கும் மரத்துப்போகும். லாகருக்குக் குளிர்ச்சி பொருந்தும். ஸ்டவுட்டை மேசையில் பத்து நிமிடம் விட்டுக் குடித்தால் காபியும் கோகோவும் அதுவரை எங்கிருந்தன என்று கேட்கத் தோன்றும். முதலில் முகருங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. பிறகு ஒரு வாய் எடுத்து, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ரொட்டியா, கேரமலா, காபியா? அது மால்ட். பூவா, எலுமிச்சையா, மாம்பழமா? பெரும்பாலும் ஹாப்ஸ். வாழைப்பழமா, கிராம்பா? ஈஸ்ட். இந்த மூன்று கேள்விகளோடு குடித்தால், பெயர் தெரியாத பீரைக்கூட ஏறக்குறைய எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

நம்மவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐபிஏவின் கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். காரமான சிக்கன் வறுவலோடு ஐபிஏ குடித்து வாய் எரிந்தவர்கள் பழியை பீர்மேல் போடுவார்கள். காரத்துக்கு ஹெஃபவைசன் போன்ற கசப்புக் குறைந்த, லேசான தித்திப்புள்ள பீர் இதமாக இருக்கும். கருக வறுத்த இறைச்சியோடு ஸ்டவுட் அழகாகச் சேரும், வறுவலுக்கு வறுவல்.

சில வாசனைகள் பீரின் குணமல்ல, கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீரில் காற்றுப் பட்டுப் பழசாகியிருக்கிறது. லாகரில் வெண்ணெய் மணம் அடித்தால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு எடுத்திருக்கலாம். பச்சை, வெள்ளைக் கண்ணாடிப் புட்டிகளில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் குப்பென்று வரும். பழுப்புப் புட்டி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். டேப்பில் தரும் பீரில் இப்படி ஏதாவது தெரிந்தால் தயங்காமல் சொல்லி மாற்றிக் கேளுங்கள். நல்ல புரூவர் கோபப்பட மாட்டார், வந்து முகர்ந்து பார்ப்பார்.

அளவைக் கிளாஸ் கணக்கில் எண்ணாதீர்கள், ஆல்கஹால் கணக்கில் எண்ணுங்கள். 330 மில்லி கின்னஸில் ஏறக்குறைய 14 மில்லி ஆல்கஹால். அதே அளவு டூவலில் 28 மில்லி. சாம்ப்ளரின் கிளாஸ்கள் சின்னவைதான் என்றாலும் நான்கைந்து சேர்ந்தால் முழு பீர் ஒன்றைத் தாண்டிவிடும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள்.